தூரில் காய்க்கும் பலா

குழு: பண்ருட்டி வீடு

சித்தப்பா: அண்ணே, நேற்று அடித்த காற்றில் கொல்லைப் பலாவின் கிளை முறிந்து மாட்டுக் கொட்டகை மேல் விழுந்ததாமே? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

பெரியப்பா: ஒன்றும் ஆகவில்லை. ஓடு ஏழெட்டு உடைந்தது. மாட்டை வெளியே கட்டியிருந்தேன், நல்ல வேளை. ஆனால் காலையிலேயே ஒரு மர வியாபாரி வந்துவிட்டார். மிருதங்கம் செய்ய ஆகுமாம், அடிமரத்தோடு கேட்கிறார். உங்களையெல்லாம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

சித்தப்பா: கொடுத்துவிடலாம் அண்ணே. 60 வருடம் தாண்டிய மரம், பொந்து வேறு விழுந்திருக்கிறது. அடுத்த முறை வீட்டு மேல் சாய்ந்தால் என்ன செய்வது?

அத்தை: தம்பி, அதற்கும் உனக்கும் ஒரே வயது. 1964 ஆனி மாதம், நீ அம்மா வயிற்றில் இருந்தபோது அம்மா ஆசையாகக் கேட்டுத் தின்ற பழத்தின் கொட்டை அது. காய்ந்தால் முளைக்காது என்று அப்பா அன்றைக்கே ஊன்றினார். பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்துபோகும் என்பதால், மரம் நிற்கப்போகிற இடத்திலேயே மூன்று கொட்டை. ஒன்றுதான் தங்கியது. பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் அங்கே போகிற மாதிரி வாய்க்கால் வெட்டிவிட்டார். எட்டாவது வருடம்தான் முதல் காய்.

நான்: 'தானே' புயலுக்கே தப்பித்த மரம் சித்தப்பா. 2011 டிசம்பர் 30. அப்போது நான் பத்தாவது படித்தேன். காற்று ஓய்ந்து கதவைத் திறந்தால் எதிர்த்த முந்திரிக் கொல்லை முழுக்கப் படுத்துக் கிடந்தது. தாத்தா அந்தப் பக்கம் போகவே இல்லை. நேராகப் பலாவிடம் போனார். பெரிய கிளை கிழிந்து தொங்கியது, பால் வடிந்துகொண்டிருந்தது. அதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பா: வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத நேரம் அது. சாணியும் செம்மண்ணும் குழைத்துக் கிழிந்த இடத்தில் பூசி, சாக்கு சுற்றிக் கட்டினார். அறுத்தெடுத்த கிளையில் செய்ததுதான் நம் வீட்டு மணைப் பலகை இரண்டும்.

நான்: என் கல்யாணத்துக்கு உட்கார்ந்த மணையா பெரியப்பா? அப்போது மஞ்சளாக இருந்தது. இப்போது தேன் நிறமாகிவிட்டது.

அத்தை: புயலுக்கு அப்புறம் இரண்டு வருடம் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. மூன்றாம் வருடம் தூரில் காய்த்தது. சின்ன வயதில் அண்ணன் உச்சிக்கு ஏறிக் கயிறு கட்டி இறக்குவார், நாங்கள் கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வயதாக ஆகப் பலா இறங்கி இறங்கிக் காய்க்கும். கிளையில் காய்த்தது அடிமரத்துக்கு வரும், அப்புறம் வேருக்கு. இப்போது பேரப்பிள்ளைகள் உட்கார்ந்தபடியே காயைத் தடவிப் பார்க்கிறார்கள். அதை விற்க எனக்கு மனசு வரவில்லை தம்பி.

சித்தப்பா: அக்கா, அந்தக் கொட்டை விஷயத்தை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

சித்தப்பா: சரி, அந்தப் பொந்தை என்ன செய்யலாம்?

அண்ணன்: நான் போன வாரம் பார்த்தேன் சித்தப்பா. பொந்து கிழக்குப் பக்கம் ஒரு முழம்தான். மற்ற பக்கமெல்லாம் தட்டினால் கெட்டியாகச் சத்தம் கேட்கிறது. வீட்டுப் பக்கம் நீண்ட இரண்டு கிளையை எடுத்துவிட்டால் பாரம் குறையும். பழம் முடிந்ததும், ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிடலாம்.

சித்தப்பா: அந்தக் கூலியை நான் கொடுக்கிறேன். வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அண்ணே.

பெரியப்பா: சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைப் பாருங்கள். வேர்ப்பக்கம் மண் வெடித்திருந்தது, மெதுவாக விலக்கினால் உள்ளே ஒரு பழம். முள் விரிந்து வாசனையும் வந்துவிட்டது. ஞாயிறு வரை தாங்காது, சனிக்கிழமை அறுத்துவிடலாம். யார் யார் வருகிறீர்கள்?

நான்: நாங்கள் மூன்று பேரும் வருகிறோம்.

சித்தப்பா: வெள்ளி ராத்திரி பஸ் ஏறிவிடுவேன்.

அத்தை: கையில் தடவ நல்லெண்ணெய் நான் கொண்டுவருகிறேன். கொட்டையை யாரும் அவித்துவிடாதீர்கள். மூன்று கொட்டையாவது எடுத்து வையுங்கள், தம்பி வந்து அன்றைக்கே ஊன்றட்டும்.