பியூஸில் எழுதியிருக்கும் எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். பழைய காருக்கு வயரிங் முழுவதையும் மாற்றும் செய்முறைப் பாடம் ஒன்றை ஐ.டி.ஐ. மாணவர்களுக்காக எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'பியூஸ் ரேட்டிங்' என்பதில் பியூஸுக்கு 'மின்னுருகி' இருக்கிறது. ரேட்டிங்குக்குத் 'தரமதிப்பு' என்று போட்டிருக்கிறோம். சரிதானா?
— அஸ்தம்பட்டி

தரமதிப்பு வேண்டாம் ஐயா, ஓட்டலுக்கு நட்சத்திரம் போடுவதுபோல் ஒலிக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே சொல்லே இங்கு போதாது. பழைய கார்களில் இருக்கும் லூகாஸ் (பிரிட்டிஷ் நிறுவனம்) பியூஸ் பெட்டியில் வரும் கண்ணாடி பியூஸில் 35 என்றிருந்தால் அது உருகிப்போகும் ஆம்பியர்; தொடர்ந்து தாங்குவது 17 அளவில்தான். அமெரிக்க முறைக் கண்ணாடி பியூஸிலும் இன்றைய பிளேடு பியூஸிலும் (இரண்டு தட்டைக் கால் உள்ள பிளாஸ்டிக் பியூஸ்) 35 என்றால் அந்த 35ஐயே சுமக்கும். கடையில் '35 கொடுங்கள்' என்று வாங்கி மாட்டினால், 17.5 ஆம்பியருக்கான 28/0.30 வயர் (0.30 மி.மீ. இழை 28) வெந்து உறை உருகும், பியூஸ் அப்படியே இருக்கும். பாடத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.
— ஏற்காடு

ஏற்காட்டு அண்ணன் சொல்வது முற்றிலும் சரி. தாங்களவு, உருகளவு என்று வைக்கலாம். இரண்டும் வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் நிற்கும். 'உருகுநிலை' என்று யாரும் எழுதிவிட வேண்டாம், அது இயற்பியலில் வெப்பநிலைக்குப் போய்விட்டது. உருகு தன்வினை, உருக்கு பிறவினை: மின்னோட்டம் உருக்குகிறது, கம்பி உருகுகிறது, ஆகவே உருகி. அந்த உருக்கேதான் எஃகுக்கும் பெயர். கஞ்சமலை இரும்பு பேர்பெற்ற சேலத்தில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா? ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று எழுதிய எஃகின் பெயரைக் கன்னட 'உக்கு'வோடு சேர்த்துப் பேசுவார்கள். அந்த உக்குவும் நம் உருக்கும் ஒரு வேர் என்பது என் துணிபு. ரகரம் எப்படி விழுந்தது என்பதைத் தனியாக எழுதுகிறேன்.
— செவ்வாய்ப்பேட்டை

ஐயா, வூட்ஸை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பார்ப்போம். 'தாங்களவு' என்று அச்சில் வந்தால் 'தாங்கள்' என்றுதான் கண் முதலில் படிக்கும். பதினேழு வயதுப் பையன் அங்கேயே நின்றுவிடுவான். பட்டறையில் எல்லாரும் 'பீஸ் போச்சு' என்றுதான் சொல்கிறார்கள். 'தாங்கும் ஆம்பியர்', 'போகும் ஆம்பியர்' என்று வைத்தால் விளக்கமே தேவையில்லை.
— சூரமங்கலம்

அம்மா, கம்பி வழியே ஓடுவதும் போகும் ஆம்பியர்தானே! '35 ஆம்பியர் போகும்' என்று படிப்பவன் 35ஐத் தாராளமாக விடலாம் என்றே எடுத்துக்கொள்வான். எந்த விபத்தைத் தடுக்க இவ்வளவு பேசுகிறோமோ அதுவே நடக்கும்.
— செவ்வாய்ப்பேட்டை

இதில் ஐயா பக்கம் நான். இன்னொன்று, உருகளவு என்பது தனி எண் அல்ல, நேரத்தோடு சேர்ந்தது. 10 ஆம்பியர் பிளேடு பியூஸில் 13.5 ஓடினால் உருகப் பத்து நிமிடம்கூட ஆகலாம். 20 ஓடினால் 5 விநாடிக்குள் போய்விடும். நேரம் போடாமல் அட்டவணை அச்சிடாதீர்கள். தாங்களவு வயருக்கும் உண்டு என்பதால் 'வயர் தாங்குவது', 'பியூஸ் தாங்குவது' என்று பிரித்தே எழுத வேண்டும்.

பியூஸ் காப்பது வயரை, பல்பை அல்ல. இந்த வரியைப் பாடத்தின் தலையில் போடுங்கள். கணக்கு இப்படி: முகப்பு விளக்கின் 55 வாட் டிம் பல்பு ஒன்றுக்கு, 12 வோல்ட்டில், சுமார் 4.6 ஆம்பியர். 14/0.30 வயர் 8.75 தாங்கும். நடுவில் 7.5 பியூஸ். சுமை பியூஸ் எண்ணில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு பல்பையும் ஒரே 10இல் கோத்தால் 9.2 ஓடும், சார்ஜ் ஆகும்போது வோல்ட் ஏறினால் அதற்கும் மேலே. பியூஸ் சூடேறிக்கொண்டே இருந்து ஒருநாள் போகும், இரண்டு விளக்கும் சேர்ந்து அணையும். இருபது கொண்டை ஊசி வளைவுள்ள எங்கள் மலைப்பாதையில், பனிமூட்டத்தில், அது ஆகாது. இடது வலதுக்குத் தனித்தனி பியூஸ் போடச் சொல்லுங்கள். வைப்பருக்குச் சுமைக் கணக்கு மட்டும் போதாது, மோட்டார் கிளம்பும்போதும் கண்ணாடி துடைக்கும் பிளேடு சிக்கும்போதும் இழுப்பு பலமடங்காகும். அதற்காகப் பெரிய பியூஸ் போடுவதானால் முதலில் வயரைத் தடிப்பாக்க வேண்டும்.
— ஏற்காடு

நன்றி. 'தாங்கும் ஆம்பியர்', 'உருகும் ஆம்பியர்' என்று எழுதி, இரண்டாவதன் பக்கத்தில் விநாடியையும் போடுகிறோம். 'பியூஸ்' என்றே பாடம் முழுக்க வரும். 'மின்னுருகி' முதல் பக்கத்தில் ஒருமுறை. நாலு பேர் இதற்குச் சரி என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள்.
— அஸ்தம்பட்டி

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். உருகுவது கம்பி, ஆம்பியர் அல்ல. 'உருகும் ஆம்பியர்' பெயரெச்சத் தொடர், கலைச்சொல் ஆகாது. அடுத்த பதிப்பிலாவது உருகளவை எடுத்துக்கொள்ளுங்கள்.
— செவ்வாய்ப்பேட்டை