ஏஜி அண்டு ஓ.டி. ஆபீஸ் (அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் அண்டு அஃபிஷியல் டிரஸ்டி: இறந்தவர் சொத்தையும் அறக்கட்டளைகளையும் பார்க்கும் அரசு ஆபீஸ்): உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெரம்பூர்க்காரி

எங்கள் அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. டீச்சர் வேலை பார்த்துச் சேர்த்ததை மூன்று டெபாசிட்டாகப் போட்டிருந்தார். நாமினி கிடையாது, உயிலும் கிடையாது. அப்பா அவருக்கு முன்பே போய்விட்டார். மிச்சம் நானும் அண்ணனும்தான்.

தாலுகா ஆபீஸில், "நீங்க நேரடி வாரிசு இல்லம்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். பேங்கில், கோர்ட் பேப்பர் இல்லாமல் கை வைக்க முடியாது என்றார்கள். எங்கள் வக்கீல் சார்தான் வழி சொன்னார்: "கொஞ்சப் பணம்தானே? ஹைகோர்ட் வளாகத்துலயே அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் ஆபீஸ் இருக்கு. அந்த ஆபீஸுக்கான 1963 சட்டத்துல 29-ஆவது பிரிவு. பணத்தை எடுக்க அங்கேயே சர்டிபிகேட் வாங்கிடலாம்."

துணிப்பையில் ரசீதுகளோடு போனேன். மேஜைக்கு எதிரே இருந்த அம்மா ஒவ்வொரு ரசீதின் எண்ணையும் விரல் வைத்துப் படித்து, மனுவோடு ஒத்துப் பார்த்தார். "வேற யாராவது இருக்காங்களா? தத்துப் பிள்ளை? அவங்க யாருக்காவது கடன் பாக்கி?" இதையே மூன்று தரம் வேறு வேறு மாதிரி கேட்டார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, "பணத்தை நீங்க வாங்கிக்கத்தான் இந்தப் பேப்பர், முழுசும் உங்களுதுன்னு இது சொல்லல. அண்ணன் பங்கை மறந்துடாதீங்க" என்றபோதுதான், அத்தைக்காக ஒருவர் அங்கே உட்கார்ந்து பேசுகிறார் என்று பட்டது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வக்கீல் குமாஸ்தா மகன்

சகோதரி, அந்தக் கேள்விகள் ரொம்பப் பழையவை. அப்பா 30 வருஷம் அந்த வளாகத்தில் அலைந்தவர், அவரிடம் கேட்டதும் நான் படித்ததுமாகச் சொல்கிறேன்.

அந்த ஆபீஸ் நமக்காகப் பிறந்ததே இல்லை. கம்பெனிக் காலத்தில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் காய்ச்சலில் திடீர் திடீரென்று போனார்கள். வாரிசு கப்பலில் மாதக்கணக்குத் தூரத்தில். செய்தி போய்ச் சேருவதற்குள் வீட்டுச் சாமான், குதிரை, கடன் பத்திரம் எல்லாம் யார் கைக்கோ போய்விடும். முதலில் மேயர் கோர்ட், 1801 முதல் மதராஸ் சுப்ரீம் கோர்ட் இதையெல்லாம் பார்த்தன. பிறகுதான் இதற்கென்றே தனி அதிகாரி. அவர் வேலையை 1855-இல் ஒரு சட்டம் வரையறுத்தது, 1874-இலும் 1913-இலும் திருத்தி எழுதினார்கள். இப்போது நடப்பது 1963 சட்டம். அறக்கட்டளைகளைப் பார்க்கும் அஃபிஷியல் டிரஸ்டி பதவிக்கும் 1913-இலேயே சட்டம் வந்தது. நம் மாநிலத்தில் இரண்டும் ஒரே அதிகாரியிடம், அதனால்தான் பெயரில் அந்த 'அண்டு'.

அப்படி ஒரு கை இல்லாத காலத்தில் என்ன ஆகும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரே சாட்சி. 1794-இல் இறந்தார். தர்மத்துக்கு அவர் எழுதி வைத்த பணம் வழக்கில் இழுபட்டு, அதிலிருந்து பள்ளிக்கூடம் திறந்தது 1842-இல். 48 வருஷம்! எத்தனை பிள்ளைகள் படிக்காமலே கிழவர்களாகியிருப்பார்கள்? இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறாது.

மாடிவீட்டு ஆச்சி

எங்கள் மாடி ஒண்டுக்குடித்தனத்தில் தனியாக இருந்த பெரியவர் இறந்தபோது, சொந்தம் என்று ஒருவரும் வரவில்லை. கேட்க ஆளில்லாத சொத்து களவு போகும், வீணாகும் என்றால் ஏஜி தலையிடலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். அதிகாரிகள் வந்து லிஸ்ட் எழுதினார்கள். பித்தளைச் சொம்பு ஒன்று. மூக்குக் கண்ணாடி ஒன்று, இடது கண் விரிசல். போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக் ஒன்று. அந்த விரிசலைக்கூட எழுதினார்கள் பாருங்கள், அது என் மனசிலேயே நிற்கிறது.

பெரம்பூர்க்காரி

ஆச்சி, எங்கள் மனுவிலும் அப்படித்தான், ஒரு ரசீதின் ஓரம் கிழிந்திருந்ததைக்கூடக் குறித்துக்கொண்டார்கள். சர்டிபிகேட் வந்துவிட்டது. நீங்கள் அந்த ஆபீஸுக்குப் போகும் முன்பு அசல் இறப்புச் சான்று, ரசீதுகள், வாரிசுகள் எல்லாருடைய ஆதார் நகல், சம்மதக் கடிதம் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பணம் வரை சர்டிபிகேட் தரலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு; பி.எஃப். பணம் இருந்தால் அந்தக் கணக்கில் சேராது, தனியாகக் கேளுங்கள். அண்ணன் பங்கை நேற்றுத்தான் அனுப்பினேன். அத்தை பெயரில் அவர் படிப்பித்த ஸ்கூலுக்கு இரண்டு பீரோ வாங்கித் தரலாம் என்றான்.