✗லைக்கோட்டை குடும்ப✗

31 ஆகஸ்ட் 2024, சனி

தாத்தா: பாப்பா, இடம் கிடைத்ததா? டிவியில் எங்கே பார்த்தாலும் சிவப்புச் சட்டை. உன்னைத் தேடிக் கண் வலிக்கிறது.

நான்: தெற்கு மூலையில் மாணவர் கூட்டத்தில் இருக்கிறேன் தாத்தா. எங்கள் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானம் குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். ஒரு லட்சத்து இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 1922-இல் திறந்தது.

தாத்தா: எங்கள் ரயில்வே ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்ததே 1928-இல்தான். அப்படியானால் பெரிய ஆள்தான்.

மாமா: முதல் ஆட்டம் ஏக்ரனோடா? பக்கத்துத் தெருப் பொடியன்களைக் கூப்பிட்டு வைத்து அடிப்பது ஒரு ஆட்டமா?

நான்: 52-6. பொறாமைப்படாதீர்கள் மாமா.

மாமா: போன ஜனவரியில் தேசியக் கோப்பை யார் வீட்டுக்கு வந்தது? மிச்சிகனுக்கு. 15 ஆட்டம், 15 வெற்றி. ஆன் ஆர்பரில் உட்கார்ந்துகொண்டு ஓஹையோ ஸ்டேட்டைப் பார்த்து நான் பொறாமைப்பட வேண்டுமா?

அத்தை: ஆரம்பித்துவிட்டார். நவம்பர் வரை இந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

நான்: (வீடியோ) தாத்தா, இதைப் பாருங்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் நடந்துகொண்டே கூட்டெழுத்தில் 'ஓஹையோ' என்று எழுதுவார்கள். கடைசியில் சூசஃபோன் வைத்திருப்பவர் ஒருவர் மிடுக்காக நடந்து போய் ஐ எழுத்தின் மேல் புள்ளியாக நிற்பார்.

தாத்தா: நான்கு தடவை பார்த்துவிட்டேன். தோளில் அண்டாவைச் சுமந்துகொண்டு அந்தப் பையன் இரண்டு பக்கமும் குனிந்து வணங்குவது அருமை. புள்ளி விட்டால் எழுத்தே மாறிவிடும் என்று எங்கள் தமிழ் வாத்தியார் பிரம்பால் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. டைரியில் 52-6 எழுதிக்கொண்டேன்.

அம்மா: அப்பா, மாத்திரை போட்டீர்களா? அதை டைரியில் எழுதுங்கள்.

13 அக்டோபர் 2024, ஞாயிறு

நான்: யாரும் என்னோடு பேசாதீர்கள். ஒரேகானிடம் 32-31 தோல்வி.

தாத்தா: நானும் கண் விழித்துப் பார்த்தேன். கடைசியில் பந்தை எறிகிற நம் வில் ஹவர்ட் பந்தோடு ஓடிப்போய்ச் சறுக்கி உட்கார்ந்தானே, ஏன்? உட்கார்ந்தபோது கடிகாரத்தில் ஒன்றுமே மிச்சமில்லையே.

நான்: 6 விநாடி இருந்தது தாத்தா. கொஞ்சம் முன்னேறி உட்கார்ந்து நேரத்தை நிறுத்தினால் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து ஃபீல்டு கோலாக 3 புள்ளி எடுக்கலாம் என்று கணக்கு. எழுவதற்குள் போய்விட்டது. அதற்கு முந்தைய தடவை ஒரேகான் 12 பேரை இறக்கியிருந்தது. 11 பேர்தான் நிற்க வேண்டும். அபராதம் 5 கஜம் கிடைத்தது, ஆனால் 4 விநாடி கரைந்துவிட்டது.

அப்பா: தெரிந்தே செய்திருக்கிறார்கள். 5 கஜத்தைக் கொடுத்து 4 விநாடியை வாங்கியிருக்கிறார்கள். லாபகரமான வியாபாரம்.

தாத்தா: கூடுதல் ஆளை ஏற்றி வண்டியை லேட்டாக்குவது. இதை நான் 1980-களிலேயே பார்த்துவிட்டேன்.

(அந்த வாரமே விதியைத் திருத்திவிட்டார்கள். இனிமேல் கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது இப்படிச் செய்தால், எதிரணி கேட்டால் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பலாம். நான் செய்தியை இங்கே போட்டபோது மாமா அனுப்பியது ஒரே ஒரு கட்டைவிரல்.)

2 நவம்பர் 2024, சனி

அப்பா: பென் ஸ்டேட்டை 20-13. மச்சான், பார்த்தாயா? கோட்டுக்கு 3 கஜத்தில் அவர்களுக்கு நான்கு வாய்ப்பு. நான்கிலும் உள்ளே விடவில்லை.

மாமா: பார்த்தேன் அத்தான். அது நல்ல ஆட்டம், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கும் மேல் பந்தைக் கண்ணிலேயே காட்டாமல் ஓடியே முடித்தார்களே, அதுதான் ஆட்டம்.

நான்: ஹவர்ட் பென்சில்வேனியாக்காரர். சின்ன வயதில் பென் ஸ்டேட் ரசிகர். அவர்கள் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு அவர்கள் ஊரிலேயே போய் ஜெயித்துவிட்டு வந்தார்.

தாத்தா: பெண் கொடுக்க மறுத்த வீட்டு வாசலில் கார் நிறுத்தியிருக்கிறான். நல்லது.

9 நவம்பர் 2024, சனி

அம்மா: மைதானத்துக்குத் தயிர்சாத டப்பா கொண்டுபோகக்கூடாது என்று அப்பாவிடம் சொன்னாயா இல்லையா?

நான்: சொன்னேன்மா. கோட்டுக்குள் வைத்திருந்தார். கேட்டில் இருந்த பெண்மணி திறந்து பார்த்துச் சிரித்துவிட்டு, வெளியே நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். சாப்பிட்டோம். ஊறுகாயோடு.

தாத்தா: பர்டூ பாவம். 45-0. ஆனால் நான் பார்த்தது தலைக்கவசங்களை. வெள்ளி நிறத்தில் பளபளப்பாக இருந்தாலும் சிலருடையதில் மட்டும் சின்னச் சின்ன இலை ஸ்டிக்கர் நெருக்கமாக ஒட்டியிருந்தது. நன்றாக ஆடினால் ஒவ்வொன்றாக ஒட்டுவார்களாம், 1968-இலிருந்து வழக்கமாம். வருட ஆரம்பத்தில் எல்லாருக்கும் வெறும் மண்டைதானாம். ஒரு பையனுக்கு ஒட்ட இடமே இல்லை.

25 நவம்பர் 2024, திங்கள்

நீங்கள் குழுவின் பெயரை "மலைக்கோட்டை குடும்பம்" என்பதிலிருந்து "✗லைக்கோட்டை குடும்ப✗" என மாற்றினீர்கள்

தாத்தா: யார் வேலை இது? பிள்ளையார் உட்கார்ந்திருக்கிற மலையின் தலையையே எடுத்துவிட்டீர்கள்.

நான்: இது மிச்சிகன் வாரம் தாத்தா. கேம்பஸ் முழுக்கப் பலகைகளில் எம் எழுத்தின் மேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். இங்கே பலர் அந்தப் பெயரை வாயால்கூடச் சொல்லமாட்டார்கள். 'வடக்கே இருக்கிற அந்த அணி' என்பார்கள். வூடி ஹேஸ் என்கிற பழைய கோச் காலத்திலிருந்து வந்தது.

தாத்தா: உன் பாட்டி ஐம்பது வருடம் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். பெயர் சொன்னதே இல்லை.

மாமா: அப்படியானால் நான் யார்?

நான்: ✗ா✗ா.

அம்மா: பெற்றவள் பெயரிலும் இரண்டு இருக்கிறது, கவனி.

நான்: அ✗✗ா.

மாமா: சிரித்துக்கொள். போன மூன்று வருடமும் இதே டேப்பை ஒட்டிவிட்டுத்தான் தோற்றீர்கள்.

நான்: இந்த வருடம் நீங்கள் 6-5 மாமா. நாங்கள் 10-1. சனிக்கிழமை இண்டியானாவின் தோல்வியே காணாத கணக்கை 38-15 என்று முடித்துவிட்டு வந்திருக்கிறோம். கேலப் டவுன்ஸ் உதைத்த பந்தைப் பிடித்து 79 கஜம் ஓடினார். உங்கள் ஊர்க்காரர்களே 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்போம் என்கிறார்கள்.

மாமா: சரி. சனிக்கிழமை பேசலாம்.

30 நவம்பர் 2024, சனி

தாத்தா: பாதி ஆட்டம் முடிந்தது, 10-10. பாப்பா பதிலே போடவில்லை.

அப்பா: மைதானத்தில் நெட்வொர்க் இருக்காது. லட்சம் போன்.

தாத்தா: மாப்பிள்ளை, ஏன் நடுவிலேயே முட்டுகிறார்கள்? ஓரத்தில் ஜெரமையா ஸ்மித் சும்மா நிற்கிறானே. முதல் வருடப் பையன், எறிந்தால் வானத்தில் போகிறதையும் பிடிக்கிறான்.

அப்பா: நடுவில் நிற்கும் அந்த இரண்டு மிச்சிகன்காரர்களும் ஆளுக்கு ஒரு அலமாரி. ஊரே கத்துகிறது, அவர் காதில் விழவில்லை.

தாத்தா: யார் காதில்?

அப்பா: ரயன் டே. கோச்.

அத்தை: 45 விநாடி இருக்கும்போது ஃபீல்டு கோல். உள்ளே போய்விட்டது. இவர் கொல்லைப்புறத்தில் கத்திக்கொண்டு ஓடுகிறார், செருப்புகூட இல்லை. வெளியே ஐஸ்.

மாமா: 13-10

மாமா: 13-10

மாமா குழுவின் பெயரை "மலைக்கோட்டை குடும்பம்" என மாற்றினார்

அம்மா: டிவியில் அடிதடி காட்டுகிறார்கள். மைதானத்து நடுவில் அவர்கள் கொடியை நடப் போனார்களாம். போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்கிறது. நீ எங்கே இருக்கிறாய்?

அம்மா: போனை எடு.

அம்மா: யாராவது அவளுக்கு அடியுங்கள்.

மாமா: நானும் அடித்துப் பார்க்கிறேன் அக்கா. மணி போகிறது, எடுக்கவில்லை.

நான்: இந்தச் செய்தியை நீக்கினீர்கள்

நான்: நெட்வொர்க் இப்போதுதான் வந்தது. நன்றாக இருக்கிறேன். நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு வயதானவர், 1970-களிலிருந்து வருகிறாராம், தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

மாமா: வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர் பாப்பா. கிண்டல் நாளைக்கு.

1 டிசம்பர் 2024, ஞாயிறு

மாமா: நாளைக்கு ஆகிவிட்டது. 2021, 2022, 2023, 2024.

அப்பா: இந்த அணிக்கு வீரர்களின் பெயர், முகத்துக்கான பணமாகச் சுமார் 2 கோடி டாலர் போகிறது என்று பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநரே சொல்லியிருந்தார். ரூபாயில் 170 கோடி. அதற்கு 10 புள்ளி.

அம்மா: நாம் கட்டுகிற ஃபீஸ் அதில் சேர்த்தியா?

அப்பா: இல்லை, நன்கொடையாளர்கள் தருவது. இருந்தாலும் வயிறு எரிகிறது.

நான்: எங்கள் உதைப்பவர் ஃபீல்டிங் இரண்டு ஃபீல்டு கோலைத் தவறவிட்டார். அதில் ஒன்று போயிருந்தால்கூட... இங்கே எல்லாரும் கோச்சைத் துரத்த வேண்டும் என்கிறார்கள். என் ரூம்மேட் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

தாத்தா: அவளை இங்கே கூட்டிக்கொண்டு வா. நேற்று வைத்த ரசம் இருக்கிறது.

22 டிசம்பர் 2024, ஞாயிறு

தாத்தா: எனக்கு ஒன்று விளங்கவில்லை. தோற்றதோடு முடிந்தது என்று ஊரே அழுதது. நேற்று ராத்திரி மறுபடியும் ஆடி, டென்னசியை 42-17 என்று அடித்திருக்கிறார்கள். எப்படி?

நான்: போன வருடம் வரை நான்கு அணிதான் தாத்தா. இந்த வருடம் முதல் தடவையாகத் தேசியக் கோப்பைக்கு 12 அணி பிளே-ஆஃப். நாங்கள் 8-வது இடத்தில் உள்ளே போனோம். பழைய முறை இருந்திருந்தால் மாமா எங்களை நவம்பரிலேயே புதைத்திருப்பார்.

மாமா: புதைத்தோம். அரசாங்கம் தோண்டி எடுத்துவிட்டது.

2 ஜனவரி 2025, வியாழன்

அப்பா: ரோஸ் பௌலில் கால் இறுதி. அதே ஒரேகான். அதுவரை 13-0. பாதி ஆட்டத்துக்குள் 34-0 என்று ஆக்கிவிட்டார்கள். முடிவு 41-21.

தாத்தா: ஸ்மித்துக்கு இப்போது எறிகிறார்கள். 187 கஜம். இதை நவம்பரில் நான் ஒருவன் சொன்னேன், மாப்பிள்ளை சாட்சி.

மாமா: நாங்களும் அலபாமாவை ஜெயித்தோம், 19-13. யாருக்கும் கவலை இல்லையா?

அத்தை: இல்லை.

11 ஜனவரி 2025, சனி

அம்மா: அப்பாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம். போகிக்குத் திருச்சி போய்விடுவார். ராத்திரி ஆட்டம் முடிந்தும் தூங்கவில்லை, பெட்டியின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்.

நான்: எப்படித் தூங்குவார்! டெக்சாஸ் எங்கள் கோட்டிலிருந்து 1 கஜத்தில். உள்ளே போனால் 21-21. ஒரு தப்பான ஓட்டத்தில் 7 கஜம் பின்னால் போனார்கள். நான்காவது வாய்ப்பில் எங்கள் ஜாக் சாயர், அவர்களுக்குப் பந்து எறிகிற யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்துக்கொண்டு 83 கஜம் ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு, கடைசி 20 கஜம் மூச்சு வாங்குவது டிவியிலேயே தெரிந்தது. 28-14.

அப்பா: அந்த இருவரும் 2021-இல் இங்கே ஒரே அறையில் தங்கியவர்கள், தெரியுமா?

நான்: சாயர் பிக்கரிங்டன் பையன். பக்கத்து ஊர். நவம்பரில் மிச்சிகன் கொடியைக் கம்பத்திலிருந்து பிய்த்தவரும் அவர்தான்.

மாமா: கொடியைப் பிய்த்தால் ஸ்கோர் மாறுமா?

தாத்தா: சிகாகோவில் அடுத்த விமானத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். கோட் பையில் கை விட்டால் உங்கள் அணிக்குப் பெயர் தந்த அந்தப் பக்‌ஐ கொட்டை. மான் கண் மாதிரி பழுப்பில் ஒரு வெள்ளை வட்டம். நம் ஊரில் விதை கொண்டுவரக்கூடாது என்பார்கள். இங்கேயே ஒரு ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டேன்.

20 ஜனவரி 2025, திங்கள்

தாத்தா: இங்கே 21-ஆம் தேதி, காலை 6 மணி. இறுதி ஆட்டத்துக்காகக் காபி ஆயிற்று. மாப்பிள்ளை போனை டிவி முன்னால் வைத்திருக்கிறார், பாதி நேரம் அவருடைய முழங்கால்தான் தெரிகிறது.

அப்பா: நகர்த்திவிட்டேன் மாமா.

தாத்தா: நோட்ர டேம் 18 தடவை ஆடிக் கோட்டைத் தொட்டது. நம் ஆட்களைப் பந்தைத் தொடவே விடவில்லை. போச்சு.

நான்: பொறுங்கள் தாத்தா.

நான்: 7-7

நான்: 14-7

நான்: 21-7. ஹவர்ட் எறிந்த முதல் 13-உம் பிடிபட்டிருக்கிறது!!

தாத்தா: படம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் முழங்கால் அசையாமல் இருக்கிறது.

மாமா: 31-23 இப்போது. உங்களுக்கு இதயம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

தாத்தா: 31 எப்போது வந்தது? எனக்கு யாராவது சொல்லுங்கள்.

நான்: மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 11 கஜம் வேண்டும். எல்லாரும் ஓடுவார்கள் என்று நினைத்தபோது ஹவர்ட் ஸ்மித்துக்குத் தூக்கி எறிந்தார். 56 கஜம்!!!! அப்புறம் ஃபீல்டு கோல்.

தாத்தா: யார் உதைத்தது?

நான்: அதே ஃபீல்டிங். உள்ளே. 34-23. 10 வருடம் கழித்துக் கோப்பை தாத்தா. ஹை ஸ்ட்ரீட் முழுக்கக் கூட்டம், என் குரல் போய்விட்டது.

அத்தை: வாழ்த்துகள் கண்ணு. இவர் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

மாமா: வாழ்த்துகள் பாப்பா. நிஜமாகவே. பிளே-ஆஃபில் நான்கு ஆட்டமும் அடி பின்னிவிட்டார்கள்.

மாமா: 14-2. அந்த இரண்டில் ஒன்று யார் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

நான்: ✗ா✗ா.

தாத்தா: (புகைப்படம்) டைரியில் எழுதிவிட்டேன். சிவப்பு மையில். லேட்டாக வந்த வண்டிகளை நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

மாமா: அப்பா, நவம்பர் 30 பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

தாத்தா: (புகைப்படம்)

மாமா: "மிச்சிகன் 13, நாம் 10. கடும் குளிர். பாப்பா போன் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். ரசம் நன்றாக இருந்தது."

மாமா: அத்தையிடம் கேட்டுவிட்டேன். ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டப் போகிறேன்.

அத்தை: நான் சரி என்று சொல்லவில்லை.