பகடையும் உல்லன் நூலும்: இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பாதிஸ்வெட்டர்:
டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு), உல்லன் பின்னல் இரண்டிலுமே எனக்குப் பித்து. இரண்டுக்கும் நேரம் எங்கே கிடைக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. அந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சண்டை தொடங்கிவிட்டால், ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 விநாடிதான், ஆனால் மேசையில் அதை ஆடி முடிக்க அதைவிட ரொம்ப நேரம் ஆகும். மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தால், என் முறை மறுபடி வருவதற்குள் தாராளமாக ஒரு வரிசை பின்னிவிடலாம். இடிப்பது எண்ணிக்கைதான். ஹிட் பாயின்ட் (பாத்திரத்தின் உயிர் அளவு) எவ்வளவு, எத்தனை மந்திரம் மிச்சம், அடுத்தது யார் முறை என்று தலைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கையில் லேஸ் டிசைன் இருந்தால், எந்தக் கண்ணியில் நூலைச் சுற்ற வேண்டும் என்று இன்னொரு கணக்கு. இருப்பதோ ஒரே தலை.

அதனால் விளையாட்டுக்கு எடுத்துப் போவது கார்ட்டர் பின்னல் மட்டும். எல்லா வரிசையும் ஒன்றுபோல வரும், குனிந்து பார்க்கவே வேண்டாம். காலுறை என்றால் கணுக்காலுக்கு மேலே வட்டமாகச் சுற்றிப் போகிற பகுதி சரி, குதிகாலை மட்டும் தனியாக உட்கார்ந்து முடிப்பேன். சார்ட் பார்த்துப் பின்னும் எதுவும் பகடைப் பக்கம் வராது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

திரைக்குப்பின்:
நான் டிஎம், அதாவது கதையை நடத்தி பூதங்களை ஆட்டுவிப்பவர். விளையாட்டு நடக்கும்போது குரோஷே ஊசியைத் தொடவே வழியில்லை. ஐந்து பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள், ஒரு கையில் விதிப் புத்தகம், இன்னொரு கையில் பகடை. என் குரோஷே எல்லாம் முன்தயாரிப்பில்தான். பூதங்களை நானே பின்னுகிறேன்.

அமிகுருமி (குரோஷேயில் குட்டிப் பொம்மை செய்யும் முறை) தெரிந்தவர்களுக்கு இது சுலபம். மேஜிக் ரிங்கில் (இழுத்து இறுக்கும் தொடக்க நூல் வளையம்) 6 கண்ணி, அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18, 24. சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டையான வட்டம், கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும், திரும்பக் குறைத்தால் உருண்டை. அதன் மேல் கண்களை ஒட்டிவிட்டால் பயமுறுத்த ஒரு ஜந்து தயார். சிக்கல் அளவில்தான். சண்டை வரைபடத்தில் ஒரு கட்டம் 1 அங்குலம், அது கதைக்குள் 5 அடி. மனித அளவு ஆசாமி ஒரு கட்டத்துக்குள் நிற்க வேண்டும். நான் மெல்லிய நூலும் 2.5 மி.மீ. ஊசியும் எடுத்துப் பார்த்தேன், கையும் காலும் வைத்தால் ஒரு கட்டத்துக்குள் அடங்குவதாக இல்லை. சாதாரண கனமுள்ள நூலில் பின்னினால் 3 அங்குலம் எளிதாக வந்துவிடும். அது 3×3 கட்டம், அதாவது விதிப் புத்தகத்தில் ‘ஹ்யூஜ்’ என்ற பெரிய பூத அளவு. இப்போதெல்லாம் என் கதையில் குட்டிப் பூதம் வருவதே குறைந்துவிட்டது. அலமாரியில் என்ன நூல் இருக்கிறதோ அதுதான் வில்லன். ஆட்டக்காரர்களுக்கு இது தெரியாது, சொல்லிவிடாதீர்கள்.

பாதாளக் குகைக்குப் பவளமும் காளானும் வேண்டும் என்றால், சில கண்ணிகளுக்கு ஒன்று என்று விடாமல் கூட்டிக்கொண்டே போங்கள். ஓரம் தானாக அலை அலையாகச் சுருண்டுவிடும். டைனா டைமினா என்ற கணிதவியலாளர் 1997இல் ஹைபர்போலிக் தளத்தை (ஓரம் போகப்போக விரிந்து அலையாக வளையும் பரப்பு) இப்படித்தான் குரோஷேயில் செய்து காட்டினார். ஜியோமெட்ரிக்குச் செய்தது நம் குகைக்கும் உதவுகிறது.

கோடுபோட்டமஃப்ளர்:
எங்கள் குழுவின் கதை முழுவதும் என் மஃப்ளரில் இருக்கிறது. ஒவ்வொரு செஷன் முடிந்ததும் பகடை உருட்டுவேன், வரும் எண்ணுக்குத் தகுந்த அகலத்தில் ஒரு பட்டை. கதையில் ஒரு பாத்திரம் செத்தால் கறுப்பு. 20 முகப் பகடையைப் பலர் சொல்வார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. 1 விழுந்தால் ஒற்றை வரிசைக்கு நூல் மாற்ற வேண்டும். 19 விழுந்தால் அந்த நிறம் தீர்ந்துபோகும். இன்னொன்று, தட்டையாகப் பின்னும்போது ஒற்றைப்படை வரிசையில் நிறுத்தினால் நூல் எதிர் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். பழைய நிறத்தை ஓரமாகவே மேலே கொண்டுபோக முடியாது, அறுத்து முனையைச் செருக வேண்டியதுதான். 6 முகப் பகடையை உருட்டி இரண்டால் பெருக்கிவிடுங்கள். 2 முதல் 12 வரை எல்லாமே இரட்டைப்படை, சராசரி 7 வரிசை. நூல் எவ்வளவு வாங்குவது என்பதையும் இதை வைத்தே போட்டுவிடலாம்.

சத்தமில்லாஊசி:
எனக்கு நேர்ந்தது கொஞ்சம் கசப்பு. ஒரு குழுவில் சேர்ந்தபோது டிஎம் நேராகவே கேட்டார், “கதை போரடிக்கிறதா? பின்னிக்கொண்டிருக்கிறீர்களே.” கை சும்மா இருந்தால்தான் என் கவனம் ஓடிவிடும், பின்னும்போது ஒரு சொல் விடாமல் காதில் விழும். ஆனால் எதிரில் இருப்பவருக்குத் தெரிவது குனிந்த தலைதானே. அவர் மேல் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்குக் கோபம் வந்தது என்பது வேறு விஷயம். இப்போது புதுக் குழு என்றால் செஷன் ஜீரோவிலேயே (விளையாட்டு தொடங்கும் முன் எல்லோரும் பேசிக்கொள்ளும் சந்திப்பு) சொல்லிவிடுகிறேன். டிஎம் முக்கியமான ஒரு கதாபாத்திரமாகப் பேசும்போது ஊசியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பேன். அது போதுமாக இருக்கிறது.

ஆன்லைனில் விளையாடுகிறவர்களுக்கு: உலோக ஊசியின் டிக் டிக் மைக்கில் நன்றாகவே கேட்கும். மூங்கில் ஊசிக்கு மாறுங்கள். குரோஷே என்றால் அந்தக் கவலையும் இல்லை.

பாதிஸ்வெட்டர்:
ஊசியைக் கீழே வைப்பது நல்ல யோசனை அக்கா, எடுத்துக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘டிரெட்’ என்ற திகில் ஆர்பிஜி விளையாடும்போது மட்டும் நூல் பந்தைக் கொண்டுபோகாதீர்கள். அதில் பகடைக்குப் பதில் ஜெங்கா கோபுரத்திலிருந்து மரக்கட்டை உருவ வேண்டும், கோபுரம் சரிந்தால் உங்கள் பாத்திரம் காலி. மேசை விளிம்பில் நூல் ஒரு இழுப்பு இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இருபதுமுகம்:
எண்ணிக்கைப் பிரச்சினைக்கு என் வழி: ஒரு 20 முகப் பகடையையே வரிசை எண்ணியாக வைத்துக்கொள்கிறேன். வழக்கமான பகடையில் அடுத்தடுத்த எண்கள் சிதறிக் கிடக்கும், 7க்குப் பிறகு 8 எங்கே என்று தேட வேண்டும். கார்டு விளையாட்டுக்காரர்கள் உயிர் எண்ணிக்கைக்கு வைத்திருக்கும் ‘ஸ்பின்டவுன்’ வகையில் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக இருக்கும், ஒரு புரட்டு போதும். ஒரே ஆபத்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். எங்கள் குழுவில் பார்பேரியன் (முரட்டு வீரன்) பாத்திரம் ஆடுபவர் அவசரத்தில் அதையே எடுத்து உருட்டிவிட்டார். என் பின்னல் 14ஆவது வரிசையில் இருந்தது, அவருக்கு விழுந்தது 3. அடியும் படவில்லை, என் கணக்கும் போயிற்று.

கோடுபோட்டமஃப்ளர்:
கார்ட்டர் பின்னலாக இருந்தால் கவலையே இல்லை. பகடையை அவரிடமே விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள். ஒரு மேடு என்றால் 2 வரிசை, விரலால் தடவியே எண்ணிவிடலாம்.