புதுப்பிப்பு: கருவிலிருந்த குழந்தையின் சிறுநீரக வீக்கம், பிறந்த பிறகு என்ன ஆனது

20-வது வார ஸ்கேனில் குழந்தையின் இடது சிறுநீரகத்தில் நீர் தேங்கி, சிறுநீர் சேரும் உட்பகுதி 6 மி.மீ. விரிந்திருக்கிறது என்று பயந்துபோய்க் கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 32-வது வாரத்தில் 8 மி.மீ. (28 வாரத்துக்கு அப்புறம் 7-க்குக் கீழே இருக்க வேண்டும்), ஆனாலும் பனிக்குட நீரும் சிறுநீர்ப்பையும் சரியாக இருந்ததால் காத்திருக்கச் சொன்னார்கள். ரொம்ப உதவியது, பிறந்ததும் அவசரப்படாமல் 48 மணி நேரம் கழித்து ஸ்கேன் எடுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான். முதல் இரண்டு நாள் சிறுநீர் குறைவாக ஊறுவதால் வீக்கம் இருந்தாலும் தெரியாமல் போகலாமாம், மருத்துவரும் அதையே சொன்னார். நான் எதிர்பார்க்காதது, அந்த ஸ்கேன் இயல்பு என்று வந்தும் விடாமல் ஒரு மாதம் கழித்து இன்னொன்று எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை, மருந்தும் தரவில்லை. இரண்டு பக்கமும் வீங்கி, சிறுநீர்ப்பைச் சுவரும் தடித்திருக்கிற ஆண் குழந்தை என்றால் இந்தக் காத்திருப்பு பொருந்தாது, பிறந்த உடனே பார்த்துவிட வேண்டும்.