நான்கு தடக் கேசட்டில் பதிந்த கடைசிப் பாடல்களை எப்படி மீட்பது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு):
அனைவருக்கும் வணக்கம். 1990களின் பிற்பகுதியில் எங்கள் ஊர் அண்ணன்மார் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்தினார்கள். குழு கலைவதற்கு முந்தைய மழைக்காலத்தில், ட்ரம்ஸ் வாசித்தவரின் வீட்டு மாடியில் தமிழிலும் மலையாளத்திலுமாகச் சில பாடல்களைத் தாங்களே பதிவு செய்தார்கள். அந்தக் கேசட்டுகள் இப்போது என் கைக்கு வந்திருக்கின்றன. வீட்டு டெக்கில் போட்டால் ட்ரம்ஸும் பேஸும் பாதி வேகத்தில் இழுக்கின்றன. இடையிடையே பேசிக்கொள்ளும் அண்ணன்மாரின் குரல் கிழவர்களின் குரலாகக் கேட்கிறது. திருப்பிப் போட்டால் கிட்டாரும் பாட்டும் பின்னோக்கி ஓடுகின்றன. டேப் கெட்டுவிட்டதா? ஐவரும் கூடி வாசித்த கடைசிப் பதிவு இது என்பதால், தெரியாதவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

மறுமொழி (கோவை, ஒலிப்பதிவுத் தொழில்):
டேப் கெடவில்லை, தம்பி. அவர்கள் பயன்படுத்தியது டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ வகை இயந்திரமாக இருக்க வேண்டும். 1979இல் முதன்முதலில் வந்த அந்த வகை, சாதாரணக் கேசட்டின் இரு பக்கங்களுக்கும் உரிய நான்கு தடங்களையும் (டேப்பில் ஒலி பதியும் நான்கு கோடுகள்) ஒரே திசையில் பயன்படுத்துகிறது. அந்த வகை இயந்திரங்களுள் பல, வினாடிக்கு 4.76 செ.மீ. என்ற வழக்கமான வேகத்துக்கு இரு மடங்கில் ஓடுபவை. அதனால்தான் உங்கள் டெக்கில் இரண்டு தடங்கள் மெதுவாகவும் மற்ற இரண்டு தலைகீழாகவும் ஒலிக்கின்றன. 60 நிமிடக் கேசட்டில் அவர்களுக்குக் கிடைத்தது 15 நிமிடம் மட்டுமே.

இரு பக்கங்களையும் தனித்தனியே கணினியில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, ஒன்றைத் திருப்பிச் சேர்க்க முடியும். ஆனால் இரண்டு ஓட்டங்களும் மில்லி வினாடிக் கணக்கில் விலகிக்கொண்டே போகும். எனவே அதே வேகமுள்ள நான்கு தட இயந்திரத்தைத் தேடிப் பிடித்து, 24 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாக நான்கு தடங்களையும் ஒரே ஓட்டத்தில் எடுப்பதே நல்லது. டிபிஎக்ஸ் என்னும் இரைச்சல் குறைப்பு வசதியைப் போட்டுப் பதிந்திருந்தால், அது இல்லாமல் ஓட்டும்போது ஒலி கீச்சிட்டு ஏறி இறங்கும். இயந்திரத்தில் அதை இயக்கியே எடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: இரைச்சல் நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கூரையில் அறைவதும், ‘இன்னொரு தடவை வாசிக்கலாம்’ என்று யாரோ சொல்வதும் அந்தப் பதிவின் பகுதிகளே. சுத்தம் செய்வதையெல்லாம் நகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (சித்தூர், பாலக்காடு):
டெக்கில் மேலும் ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. நம் பக்கத்து மழை ஈரத்தில் இது சாதாரணம். அப்படியே ஓட்டினால் டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருந்தால், திருகு போட்ட வேறொரு கூட்டுக்குள் சுருள்களை மாற்றிக்கொள்ளலாம்.

மறுமொழி (கோவை, வழக்கறிஞர்):
இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால், கேசட் உங்களிடம் இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வாசித்தவர்களின் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கிறது. பாடலையும் மெட்டையும் ஆக்கியவர்களின் உரிமை அதனினும் நீண்டது. ஐவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. பிளாஸ்டிக் காதுகளை இன்றே உடைத்துவிட்டேன். ஒரு கேசட்டில் வெள்ளைப் பொடி இருப்பதால் அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். இருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். கோவை அண்ணா, நான்கு தட இயந்திரம் உங்களிடமே இருக்குமானால், கேசட்டுகளோடு நானே நேரில் வரலாமா?