6 லட்சம் கடன் வாங்கி ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட் எம்பிஏ படிக்கலாமா?

திண்டுக்கல்காரி:
பி.காம். முடித்துவிட்டு இரண்டரை வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் கவுண்டரில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் 13,200. கோவையில் ஒரு கல்லூரியில் ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட் எம்பிஏ இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 6 லட்சம். அப்பாவுக்கு டீக்கடை, சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. முழுக்கக் கல்விக்கடன்தான், வட்டி 10.5 சதவீதம் என்கிறார்கள். கல்லூரி நோட்டீஸில் சராசரி சம்பளம் வருடம் 4.2 லட்சம் என்று போட்டிருக்கிறது. ஆனால் இதே படிப்பை முடித்த ஒரு பெண் எனக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்னைவிட மூவாயிரம்தான் அதிகம். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அண்ணன்:
தங்கச்சி, நான் 2014-ல் கடன் வாங்கி இதே படிப்பைப் படித்தவன். இப்போது மதுரையில் ஆபரேஷன்ஸ் மேனேஜர். முதலில் கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்கு 3 லட்சமாக வாங்கினால், படிக்கும் இரண்டு வருடமும் அதற்குப் பிந்தைய ஒரு வருடமும் சேர்ந்து வட்டி மட்டும் சுமார் 1.57 லட்சம் ஏறியிருக்கும். தவணை தொடங்கும்போது கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டிவிடும். பத்து வருடம் என்றால் மாதம் சுமார் 10,200. பதினைந்து வருடமாக இழுத்தால் 8,400-க்கு இறங்கும், ஆனால் மொத்தம் 15 லட்சம் கட்டியிருப்பீர்கள். பக்கத்து சீட்டுப் பெண்ணின் சம்பளத்தில் 10,200-ஐக் கழித்துப் பாருங்கள்.

எனக்கு 2016-ல் முதல் சம்பளம் 14,000, தவணை 6,300. விசிட்டிங் கார்டில் 'எக்ஸிக்யூட்டிவ்'. வேலை என்னவென்றால், வார்டு வார்டாக ஃபைல் தூக்குவது. காலை பதினொரு மணிக்கு டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொன்ன நோயாளி, நாலு மணிக்கும் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஃபார்மசியில் மிச்ச மருந்தைத் திரும்ப எடுத்திருக்க மாட்டார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் கையெழுத்து இருக்காது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது இன்சூரன்ஸிலிருந்து 'முதல் ஓ.பி. சீட்டு எங்கே?' என்று ஒரு க்வெரி வரும். அந்தக் க்வெரி வருவதற்கு முன்பே சீட்டை ஸ்கேன் செய்து அனுப்பத் தெரிந்தவரைத்தான் மருத்துவமனை சம்பளம் கூட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது கல்லூரி இல்லை, டிப்ளமோ மட்டும் படித்த ஒரு அக்கா.

சராசரிச் சம்பளத்தை நம்பாதீர்கள். இந்த வகுப்புகளில் பல் மருத்துவம், பிசியோ முடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, அவர்கள் சம்பளம் சராசரியை மேலே இழுத்துவிடும். போன வருடம் முடித்த பி.காம். பிள்ளைகள் நாலைந்து பேரின் நம்பரைக் கல்லூரியிலேயே கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்தான். நானாக இருந்தால் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு மாற்றல் கேட்டு வாங்கி, வேலையில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் எம்பிஏ படிப்பேன். அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிட்டயர்டு மேனேஜர்:
வங்கியில் இருந்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம். குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழில்முறைப் படிப்புக்கு அந்த மூன்று வருட வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரம் கல்லூரிக்கோ, என்பிஏ அமைப்பின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கோ இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். மானியம் கிடைத்தால் பத்து வருடத் தவணை 8,100 பக்கம் வரும். வட்டிக்கு வருமான வரிச்சலுகை உண்டு என்று ஆசை காட்டுவார்கள். வரி வரம்புக்குள்ளேயே வராத சம்பளத்துக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

பிசியோபாலன்:
எனக்குக் கடன் பலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபி இளநிலைப் படிப்பான பிபிடி முடித்து, மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பான எம்எச்ஏ படித்தேன். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச்சின் அங்கீகார வேலை பார்க்கும் குவாலிட்டி பிரிவில் சேர்ந்து நாலே வருடத்தில் கடனை அடைத்துவிட்டேன். ஆனால் டாக்டர்கள் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டதற்குக் காரணம் பிபிடிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

திண்டுக்கல்காரி:
எல்லோருக்கும் நன்றி. சீனியர்கள் மூன்று பேரிடம் பேசினேன். ஒருவருக்குக் கையில் 16,500, இன்னொருவருக்கு 18,000. மூன்றாமவர் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கும் அக்கா அடுத்த மாதம் பிரசவ விடுப்பில் போகிறார், அந்த இடத்துக்கு என்னைப் போடச் சொல்லி எச்ஆரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'பாப்பா எம்பிஏ சேரப்போகுது' என்று சொல்லிவைத்திருக்கிறார்.